மலையகத் தமிழரும் இலங்கைப் பிரஜாவுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பம் நிரப்பித் தரும்படி வருபவர்கள், வேலை முடிந்த பின்னரும் எழுந்து போகாமல், வீட்டில் தலைமுறையாகப் பேசப்பட்டு வரும் சந்தேகம் ஒன்றை எடுத்து வைப்பது ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கங்களில் வழக்கமாக இருக்கிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஆகவே அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. விடைகள் பொதுவான விளக்கமே. நீதிமன்றத்தில் வழக்கோ, திணைக்களத்தில் மேன்முறையீடோ நிலுவையில் உள்ளவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் பத்திரங்களைக் காட்டிப் பேசுவதே முறை.

நாம இந்த நாட்டுப் பிரஜைதானா சேர்? யாராவது கேட்டா உறுதியா என்ன சொல்றது?

ஆம், பிரஜைதான். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்து வந்த இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வசிக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜைகள். அதற்கு முன்னரே 1949, 1967, 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின் கீழ் பிரஜைகளாகிவிட்ட குடும்பங்களும் ஏராளம். அவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்படவே இல்லை.

கையில் சான்றிதழ் இல்லை என்பதும் பிரஜாவுரிமை இல்லை என்பதும் வேறு வேறு. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் எழுபவை. உரிமை சட்டத்திலிருந்து வருகிறது. பத்திரம் அந்த உரிமையைக் காட்டுவதற்கு மட்டுமே உதவுகிறது.

தாத்தாவோட அப்பா காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம். அப்புறம் எப்படி பிரஜாவுரிமை இல்லாமப் போச்சு?

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் இரண்டு வழிகளை மட்டுமே ஏற்றது: ஒன்று வம்சாவழி, மற்றது பதிவு. அத்திகதிக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்ததும், இங்கேயே நாற்பது வருடம் கொழுந்து பறித்ததும் கணக்கில் வரவில்லை.

சட்டம் எல்லோருக்கும் பொதுவான சொற்களில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் தந்தையின் பிறப்பை ஆவணத்தால் நிரூபிக்கும்படி நடைமுறையில் கேட்கப்பட்டவர்கள் தோட்டத்து மக்களே. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு வந்தவர்களின் பிள்ளைகள், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் பிறந்த தங்கள் தகப்பனுக்கு எழுத்தில் என்ன சாட்சி காட்டியிருக்க முடியும்? 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தார்கள் என்பதையும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் பிரஜை அல்லாதவர்களின் வாக்குரிமை நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாப்பத்தொன்பதுல ஒரு சட்டம் வந்துச்சாமே. அப்பவே எல்லாரும் எழுதிப் போட்டிருக்கலாமே?

எழுதிப் போட்டார்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பக் காலம் முடிந்த 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் சுமார் 824,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. தொழிற்சங்கத் தலைமை முதலில் அச்சட்டத்தைப் புறக்கணித்து, காலம் முடியும் தறுவாயில்தான் விண்ணப்பிக்கும்படி மக்களிடம் கூறியது. ஆகவே கடைசி மாதங்களில் அவசர அவசரமாக நிரப்பப்பட்ட படிவங்கள் அதிகம். இறுதியில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 134,000 பேர். அதாவது ஆறு பேருக்கு ஒருவர்.

நிபந்தனை ஒன்றே பெரும்பாலானோரை வெளியே தள்ளியது. திருமணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இங்கே வதிந்திருப்பதை நிரூபிக்க வேண்டும். ஊரில் ஒரு காரியத்துக்கோ கலியாணத்துக்கோ போய், காய்ச்சலிலோ பஞ்சத்திலோ அகப்பட்டு, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியவரின் தொடர்ச்சி அத்தோடு அறுந்தது. மனைவி பிள்ளைகளும் இங்கே வதிந்தார்களா, வருமானம் போதுமா என்றெல்லாம் விசாரணை நடந்தது. உங்கள் வீட்டில் 'இந்தியன் பாகிஸ்தானி சட்டத்தில் ரிஜெக்ட் ஆனது' என்று பெரியவர்கள் சொன்னால், அது இந்த விசாரணையைத்தான் குறிக்கும்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்னு தாத்தா அடிக்கடி சொல்வாரு. அதுல என்னதான் முடிவு செஞ்சாங்க?

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. நாடற்றவர்களாக இருந்தோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, இது பதினைந்து ஆண்டுகளில் நிறைவேறுவது, மிச்சமிருந்த 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டு அந்த மிச்சமும் ஆளுக்கு 75,000 எனப் பிரிக்கப்பட்டது. ஏழு பேர் இந்தியா போனால் நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்ற விகிதக் கணக்கு இதிலிருந்து வந்ததே.

அந்தப் பத்து லட்சம் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நடைமுறைப்படுத்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு எழுதியவர்கள், இலங்கைக்கு எழுதியவர்கள் என்று ஒரே லயத்துக்குள், சில வேளைகளில் ஒரே வீட்டுக்குள், இரண்டு பிரிவுகள் உண்டாயின. உங்கள் குடும்பம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: தாத்தா எந்தப் பக்கத்துக்கு எழுதினார்?

அப்ப 86லயும் 88லயும் வந்த சட்டம் யாருக்கு?

இலங்கைக்கு எழுதியவர்களுக்கும், எந்தப் பக்கமும் எழுதாமல் இருந்தவர்களுக்கும். 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியக் கடதாசியே போதுமான சான்றாக ஏற்கப்பட்டதால் விசாரணைத் தொல்லை பெருமளவு குறைந்தது. மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தக் கடதாசி இன்றும் பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை எறிந்துவிடாதீர்கள். அது செல்லுபடியாகும் ஆவணம்.

எல்லா இடத்துலயும் 1964 அக்டோபர் 30ன்னே கேக்கிறாங்க. நான் பொறந்ததே 1990ல. எனக்கு எதுக்கு அந்தத் தேதி?

சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கையொப்பமான அந்த நாளையே 2003ஆம் ஆண்டுச் சட்டம் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அச்சட்டம் இரு வகையினரைப் பிரஜைகளாக்குகிறது. அன்று முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவர் முதல் வகை. அப்படி வதிந்தவரின் வழித்தோன்றலாக இருந்து, தாமும் இலங்கையில் வசிப்பவர் இரண்டாம் வகை. 1990இல் பிறந்த நீங்கள் இரண்டாம் வகை. உங்களைப் பற்றி அல்ல, உங்கள் பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியில் ஒருவரைப் பற்றித்தான் அந்தத் திகதி கேட்கப்படுகிறது.

நிரந்தர வதிவாளர்னா, புள்ளைங்க கனடாவுல பீ.ஆர். எடுக்கிறாங்களே, அந்த மாதிரியா?

இல்லை. கனடாவில் நிரந்தர வதிவு என்பது அரசு தரும் ஓர் அனுமதி. அதைப் பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் அந்நாட்டில் தங்கியிருந்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவுஸ்திரேலியாவில் பொதுவாக நான்கு ஆண்டுகள் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும். அவற்றில் கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் நிரந்தர வதிவாளராகக் கழிந்திருக்க வேண்டும். அங்கே வெளியிலிருந்து வந்தவர் படிப்படியாக உள்ளே சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பேசும் நிரந்தர வதிவுக்கு அட்டையோ விசாவோ கிடையாது. ஒருவர் இந்த நாட்டையே தம் வாழ்விடமாகக் கொண்டு வாழ்ந்தார் என்ற உண்மையே அதன் பொருள். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ததும், பிள்ளைகள் இங்கே பிறந்ததும், படித்ததும் அந்த உண்மைக்குச் சான்றுகள். நாட்களை எண்ணிக் காட்டும்படி உங்களை யாரும் கேட்க முடியாது. அந்த எண்ணிக்கையெல்லாம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது.

எங்க அப்பா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தவரு. இந்தியப் பாஸ்போட்டும் வந்துச்சு. ஆனா கப்பல் ஏறல. நாங்க யாரு?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுவதும் இதுவே. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியப் பிரஜைகளாகப் பதியப்பட்டவர்களுக்குக் கடவுச்சீட்டும், புறப்படும் வரை இங்கே தங்கியிருக்க வதிவு அனுமதியும் வழங்கப்பட்டன. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் 1984இல் போரினால் நின்றது. அதோடு பயணமும் நின்றது. புறப்பட ஆயத்தமாக இருந்தவர்களும், புறப்படவே விரும்பாமல் நாளைக் கடத்தியவர்களும் ஒன்றுபோல இங்கேயே தங்கிப்போனார்கள். வதிவு அனுமதி காலாவதியானது, கடவுச்சீட்டும் காலாவதியானது, அவர்கள் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, போவது மட்டும் நிற்கவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பே இவர்களையும் சேர்த்துக்கொண்டதுதான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர், தாம் சுயவிருப்பத்தோடு இலங்கைப் பிரஜாவுரிமையை ஏற்பதாக விசேட பிரகடனம் ஒன்றைச் செய்ய வேண்டும். அது அதற்குரிய ஆணையாளரின் ஒப்பத்தோடு செல்லுபடியாகும். விருப்பத்தைத் தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக ஏற்பவரின் இந்தியக் குடியுரிமை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி முடிவுக்கு வருகிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, உங்கள் பெயரில் இந்தியக் கடவுச்சீட்டு எடுக்கப்படவில்லை என்றால், அப்பாவின் கடவுச்சீட்டு உங்களை இந்தியராக்கிவிடாது. நீங்கள் 1964 முதல் இங்கே வதிந்த ஒருவரின் வழித்தோன்றல். முன்னர் சொன்ன இரண்டாம் வகைதான். அந்தப் பழைய நீலப் புத்தகத்தை ஒளித்து வைக்கவோ எரித்துவிடவோ வேண்டாம். அப்பா அக்காலத்தில் இங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அகப்படுவது கடினம்.

பாஸ்போட் வரல. எழுதிப் போட்டதோட சரி. அதுக்கும் விசேட பிரகடனமா?

தேவையில்லை. பொதுப் பிரகடனமே போதும். அதில் ஒரு சமாதான நீதவான் ஒப்பமிட வேண்டும். 2003 அக்டோபரில் பாராளுமன்றம் இச்சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றிய பின்னர், ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் அரசும் தொழிற்சங்கமும் சேர்ந்து தோட்டங்களில் நடமாடும் சேவைகளை நடத்தின. சுமார் 190,000 பேர் அவ்வேளையில் பத்திரம் பெற்றார்கள். உங்கள் பெற்றோர் அன்று ஒரு கூடாரத்தின் முன் வரிசையில் நின்றது நினைவிருந்தால், வீட்டில் ஒரு தாள் இருக்கத்தான் வேண்டும். பெட்டியைத் தேடிப் பாருங்கள்.

அப்ப யாரும் எடுக்காம விட்டிருந்தா, இப்ப காலம் கடந்து போச்சா?

விசேட பிரகடனம் தேவைப்படாதவர்களுக்குப் பிரஜாவுரிமை, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே உரித்தாகிறது. பிரகடனம் செய்த நாளிலிருந்து அல்ல. எனவே 1951ஐப் போல ஒரு கடைசி நாளில் கதவு மூடிவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் இதற்கான வேலைகள் நடக்கின்றன. அதன் தலைமையகம் பத்தரமுல்லையில் உள்ளது.

1964ல தாத்தா இங்கதான் இருந்தாருன்னு எதை வச்சுக் காட்டுறது? அவரு செத்தே முப்பது வருஷமாச்சு.

தாத்தாவின் பெயர் விழுந்த எந்தப் பழைய பதிவும் உதவும். முதலில் தேட வேண்டியது தோட்ட அலுவலகத்தின் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயரும் சம்பளமும் பதியும் இடாப்பு. அடுத்தது ஊழியர் சேமலாப நிதிப் பதிவு. அந்நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது என்பதால், 1964இல் வேலை செய்த ஒருவரின் பெயர் அதில் இருக்க இடமுண்டு. அப்பா, அத்தை, பெரியப்பா ஆகியோரின் பிறப்புச் சான்றிதழ்கள், அவர்கள் படித்த தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு, விவாகப் பதிவு, தேவாலயத்துக்குப் போகும் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவு, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம் ஆகிய எதுவானாலும் எடுத்து வாருங்கள். மேலே சொன்ன 1949, 1967 ஆண்டுகளின் விண்ணப்பங்களுக்குக் கிடைத்த கடிதங்கள் இவை எல்லாவற்றிலும் வலிமையானவை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம்கூட, அந்த ஆள் இங்கே இருந்தார் என்பதைச் சொல்லத்தான் செய்கிறது.

தோட்டத்தில் 'பழைய பொத்தகமெல்லாம் இல்லை' என்று சொல்லி அனுப்புவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் போய், 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. கை மாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேடுகள் சிதறின. ஆகவே ஒரே இடத்தில் இல்லை என்றவுடன் விட்டுவிட வேண்டாம். திணைக்களங்களிடம் உள்ள பழைய கோப்புகளைத் தேடித் தரும்படி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தெரிவிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பழைய திகதியிட்டுப் பத்திரம் 'செய்து' தருவதாகச் சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். ஏன் என்பது கடைசிக்கு முந்தின கேள்வியில் வருகிறது.

தாத்தா பேரு ஒரு பேப்பர்ல ராமசாமி, இன்னொன்னுல ராமன். அப்பா சான்றிதழ்ல வேற மாதிரி. இது சிக்கலாகுமா?

பெரும்பாலும் தீர்த்துக்கொள்ளக்கூடிய சிக்கல்தான். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் கிளாக்கர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். அதைச் சிங்களத்துக்கு மாற்றியவர் தம் விருப்பப்படி எழுதினார். அழைக்கும் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருப்பதும் தோட்டங்களில் சாதாரணம். இரு பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று விவரம் தெரிந்த மூத்த உறவினர் ஒருவர் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுக்கலாம். கூடவே மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர், தோட்டத்தின் பிரிவு போன்ற மற்ற விவரங்கள் இரு பத்திரங்களிலும் ஒத்துப்போவதைக் காட்டுவது நல்லது. உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால், அதை முதலில் பதிவாளரிடம் திருத்திக்கொண்டு மற்றப் பத்திரங்களுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய நேரும்.

எனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்ல. லயத்துலயே பொறந்தேன். பதிஞ்சாங்களான்னும் தெரியல.

முதலில் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். பதிந்திருந்து வீட்டுக்கு வராமல் போனவை பல. பதிவே இல்லையென்றால், அந்தத் தேடுதல் முடிவையும், பாடசாலைப் பதிவு, தடுப்பூசி அட்டை, தாயின் மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் போன்றவற்றையும் வைத்துக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் இயலாத வயதானவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. அடையாள அட்டை எடுக்க அது பயன்படும்.

பிறப்புச் சான்றிதழ்ல 'இந்தியத் தமிழர்'னு போட்டிருக்கு. அதை மாத்தினாத்தான் பிரஜையாவோமா?

இல்லை. அந்தக் கூட்டில் எழுதப்படுவது இனம், பிரஜாவுரிமை அல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தவர்கள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்கள் வாக்களிக்கிறார்கள், கடவுச்சீட்டு எடுக்கிறார்கள், அரச உத்தியோகம் பார்க்கிறார்கள். 'இலங்கைத் தமிழர்' என்று மாற்றியவர்களும் இருக்கிறார்கள். 'மலையகத் தமிழர்' என்றே பதிய வேண்டும் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு சமூகத்தின் அடையாளம் பற்றிய பெரிய விவாதம். அதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் எந்தப் பெயரை எழுதினாலும் உங்கள் பிரஜாவுரிமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

அம்மாவோட பழைய ஐடென்டிட்டி கார்ட் இலக்கத்துக்குப் பின்னால 'வீ' இல்ல, 'எக்ஸ்' இருக்கு. வெளிநாட்டுக்காரின்னு அர்த்தமா?

ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டைகளில், 'வீ' என்பது வாக்களிக்கத் தகுதியுடையவரைக் குறித்தது. 'எக்ஸ்' என்பது அட்டை வழங்கப்பட்ட வேளையில் அத்தகுதி இல்லாதவராகப் பதியப்பட்டவரைக் குறித்தது. அந்த எழுத்து அன்றைய நிலையைச் சொல்கிறதே தவிர, இன்றைய நிலையை அல்ல. பிரஜாவுரிமை பிற்பாடு கிடைத்திருந்தால், பத்திரத்தைக் காட்டி வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டைகளில் எழுத்தே கிடையாது.

அம்மா இலங்கைப் பிரஜை. அப்பா இந்தியாவுல இருந்து வந்தவரு. புள்ளைக்கு எது?

முன்பு தந்தையின் நிலை மட்டுமே பிள்ளைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாயையும் சமமாகச் சேர்த்தது. பெற்றோரில் எவரேனும் ஒருவர் பிரஜையாக இருந்தால் பிள்ளை வம்சாவழியால் பிரஜை. இதை 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்டு ஒன்று, சட்டங்கள் வேறு. பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாகப் பிறப்பைப் பதிந்து, பிரஜாவுரிமைச் சான்றிதழும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு அது சென்னையிலுள்ள பிரதி உயர்ஸ்தானிகராலயம்.

சித்தப்பா குடும்பம் 77 கலவரத்துல வவுனியா போயி, அங்கேருந்து தமிழ்நாட்டு முகாமுக்குப் போயிட்டாங்க. இங்க இல்லாததால அவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதா?

2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் வதிவதை நிபந்தனையாக வைத்திருந்ததால் முதலில் அவர்கள் விடுபட்டார்கள். 2009ஆம் ஆண்டில் வந்த திருத்தம், போரினால் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்த இந்திய வம்சாவளியினருக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. ஆகவே சித்தப்பாவுக்கு வழி இருக்கிறது. சான்றுகளுக்கு, தாத்தாவைப் பற்றி மேலே சொன்ன விடையையே பாருங்கள். பத்திரங்கள் இங்கே இருப்பதால் தேடும் வேலை உங்களுடையது.

அங்கேயே இருக்க விரும்புபவர்களின் நிலை வேறு. இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் பிறந்த ஒருவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிந்திப் பிறந்தவருக்கு அவ்வாறு தானாக வருவதில்லை. 2019ஆம் ஆண்டில் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியது மட்டுமே. இலங்கை அதில் இல்லை.

ஒப்பந்தத்துல கப்பல்ல போன அத்தை கோத்தகிரியில இருக்காங்க. திரும்பி வந்து இங்க பிரஜையாக முடியுமா?

உடன்படிக்கையின் கீழ் போய்ச் சேர்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். இங்கே அவர்களின் வதிவு முடிந்துவிட்டது. ஆகவே 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. சித்தப்பாவுக்கு உள்ள 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தாது. விசா எடுத்து வந்து பார்த்துப் போகலாம்.

கனடாவுல இருக்கிற மகன் அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்தா, இங்க உள்ளது என்னாகும்?

வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாகப் பெறுபவர், முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், இலங்கைப் பிரஜாவுரிமையை இழப்பார். இங்குள்ளதைத் தக்கவைத்துக்கொள்ள முன்னரே விண்ணப்பிக்கலாம். இழந்த பின் மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். இதுவே இரட்டைப் பிரஜாவுரிமை எனப்படுவது. பீ.ஆர். நிலையில் இருக்கும் வரை எதுவும் மாறாது. ஆகவே அவர் சத்தியப்பிரமாணம் செய்யும் நாளுக்கு முன்னர் இதைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது.

சட்டத்தால குடுத்ததை சட்டத்தாலயே திரும்ப எடுத்துருவாங்களோன்னு அப்பா பயப்படுறாரு. அப்படி நடக்குமா?

1948ஐயும் 1949ஐயும் கண்ட குடும்பங்களில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்று அரசியலமைப்பு வேறு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, இலங்கைப் பிரஜை என்ற ஒரே அந்தஸ்துதான் உண்டு என்றும், அது எவ்வழியில் கிடைத்தது என்பதைக் கொண்டு பிரஜைகளிடையே எந்த வேறுபாடும் காட்டலாகாது என்றும் கூறுகிறது. பிரஜாவுரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட காரணங்களுக்காக அன்றி ஒருவரின் அந்தஸ்தைப் பறிக்கவும் முடியாது. அக்காரணங்களில் மோசடியும் ஒன்று. பொய்ப் பத்திரம் காட்டிப் பெறப்பட்ட பதிவு பின்னாளில் ரத்தாகலாம். உரிமை ஏற்கெனவே உங்களுடையதாக இருக்கும்போது, அதைப் பொய்ப் பத்திரத்தால் காட்டப் போய் உண்மையான உரிமையையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவதைப் போன்ற மடமை வேறில்லை.

பேப்பர் எல்லாம் குடுத்தும் 'உங்களுக்கு பிரஜாவுரிமை இல்ல'ன்னு வாயால சொல்லித் திருப்பி அனுப்புறாங்க. என்ன செய்றது?

வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், எந்தத் திகதியில் என்னென்ன பத்திரங்களைக் கொடுத்தீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பதை நீங்களே ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அதே அலுவலகத்துக்கு அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்திடமிருந்து தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிராம உத்தியோகத்தர் மட்டத்து மறுப்பாயின் பிரதேச செயலாளரிடம் முறையிடுங்கள்.

அதிலும் தீராவிட்டால், கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்களைக் கொண்டுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். இங்கே நாள் கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போவதாயின் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அக்கணக்கில் சேராது. மறுப்புக் கிடைத்த நாளைக் கடித உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.